பூட்டுப் போட்ட ஜாடி: மணிலாவிலிருந்து அகாபுல்கோ போன சரக்குகள்

ஊர்சுற்றி_வேலு

வேலை நிமித்தமாக மெக்சிகோவுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை புயேப்லா என்ற ஊருக்குப் போயிருந்தேன். மெக்சிகோ சிட்டியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கப் போய், அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருந்த ஒரு பழைய வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

உள்ளே ஒரு ஜாடி. முழங்கால் உயரம், வெள்ளையில் நீலப் பூ, நீலக் கொக்கு. பார்த்தவுடன் சீனாக்காரன் வேலை என்று தோன்றும். ஆனால் கழுத்தைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்து, அதில் கீல் வைத்து, இரும்பு மூடி போட்டு, கொண்டியும் சாவித்துளையும் வைத்திருக்கிறார்கள். பெட்டகத்துக்குப் போடுகிற மாதிரிப் பூட்டு.

எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு வெள்ளைத் துணி கட்டுவோம். ஜாடிக்குப் பூட்டு போட்டு நான் பார்த்ததில்லை. கீழே சீட்டில் "சொகொலத்தேரோ" என்று எழுதியிருந்தது. சீனா எங்கே, மெக்சிகோ எங்கே? இது எப்படி இங்கே வந்தது, எதற்குப் பூட்டு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயல்_மதுரை

பூட்டுக்குக் காரணம் சுலபம். "சொகொலத்தேரோ" என்றால் சாக்லேட் வைக்கும் ஜாடி. ஜாடிக்குள் இருந்தது கொக்கோ. அந்தக் காலத்து மெக்சிகோவில் சாக்லேட் என்றால் குடிக்கிற சாமான். கொக்கோக் கொட்டையை வறுத்து, கல்லில் அரைத்து, சர்க்கரையும் பட்டையும் சேர்த்து, நுரை வர அடித்துக் குடிப்பார்கள். அதே கொட்டை சந்தையில் சில்லறைக் காசாகவும் செல்லும். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்த வழக்கம், அவர்கள் வந்த பிறகும் நீடித்தது. காசும் அதுவே கஷாயமும் அதுவே என்றால் வீட்டுக்காரி பூட்டாமல் என்ன செய்வாள்?

எப்படி வந்தது என்பது பெரிய கதை. 1565இல் பிலிப்பைன்ஸின் செபுத் தீவிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல், உர்தனேத்தா என்ற அகஸ்தீனியத் துறவி காட்டிய வழியில் ஜப்பான் பக்கம் வரை வடக்கே ஏறியது. அங்கே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றைப் பிடித்துப் பசிபிக்கைக் கடந்து, கலிபோர்னியாக் கரையோரமாக இறங்கி மெக்சிகோவின் பசிபிக் துறைமுகமான அகாபுல்கோவுக்கு வந்தது. மெக்சிகோவிலிருந்து மேற்கே போக ஸ்பானியர்களுக்கு முன்பே தெரியும். திரும்பி வரத்தான் வழி தெரியாமல் இருந்தது. 1571இல் ஸ்பானியர்கள் மணிலாவைப் பிலிப்பைன்ஸின் தலைநகராக்கினார்கள். அதற்கப்புறம் 1815 வரை, கிட்டத்தட்ட 250 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்றிரண்டு கப்பல்கள் அந்தத் தடத்தில் போய் வந்தன. பட்டு, பீங்கான், தந்தச் சிலை, அரக்குப் பெட்டி, பருத்தித் துணி, மெழுகு, வாசனைச் சரக்கு எல்லாம் கிழக்கே போயின. பதிலுக்கு மேற்கே வந்தது பெரும்பாலும் ஒரே பொருள், வெள்ளி.

வேலு தம்பி, ஒரு கேள்வி. அந்த ஜாடியில் எங்காவது உடைந்த இடம் இருந்ததா? உள்மண் என்ன நிறம்?

ஊர்சுற்றி_வேலு

அவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை அக்கா. மண் நிறம் எதற்கு?

கயல்_மதுரை

பிறகு சொல்கிறேன். முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

கட்டுமரம்

கயல் சொன்ன கதையில் ஒன்று விட்டுப்போனது. மெக்சிகோக்காரர்கள் அந்தக் கப்பலை "நாவோ தெ சீனா", சீனக் கப்பல் என்றார்கள். அது சீனாவிலிருந்து வந்ததே இல்லை. கட்டியது பெரும்பாலும் பிலிப்பைன்ஸில், முக்கியமாக மணிலா விரிகுடாவின் கவித்தேயில். மரம் வெட்டியவர்களும் இழுத்தவர்களும் தச்சு வேலை செய்தவர்களும் பிலிப்பைன்ஸ் குடியானவர்கள். கூலி வேலையும் இல்லை, கட்டாய வேலை. "போலோ" என்று அதற்குப் பெயர். மாதக்கணக்கில் மலையில் கிடந்து மரம் வெட்ட வேண்டும். சொன்ன கூலி கைக்கு வராது.

1649இல் பிலிப்பைன்ஸின் நடுத்தீவுகளான விசாயப் பகுதி ஆட்களைக் கவித்தே கப்பல் பட்டறைக்கு அனுப்ப உத்தரவு வந்ததும் சமார் தீவில் சுமுரோய் தலைமையில் கலகம் வெடித்தது. 1660இல் மணிலாவுக்கு வடக்கே பம்பாங்காவில் மரவெட்டிகள் கிளம்பினார்கள். அருங்காட்சியகத்தில் ஜாடிக்குச் சீட்டு இருக்கிறது. மரம் இழுத்தவனுக்குச் சீட்டு எங்கே?

செல்லாக்காசு

கட்டுமரம் சொல்வது சரிதான். ஆனால் "பதிலுக்கு வந்தது வெள்ளி" என்று கயல் ஒரே வரியில் தாண்டிவிட்டதால் என் பங்குக்குக் கொஞ்சம்.

சீனாவில் மிங் அரசு 16ஆம் நூற்றாண்டில் பலவகை வரிகளையும் ஒன்றாக்கி வெள்ளியில் கட்டச் சொன்னது. ஊரெல்லாம் வெள்ளி வேண்டும், உள்ளூரில் வெள்ளி போதாது. அங்கே ஆறேழு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் கிடைத்த காலத்தில், ஸ்பெயினில் பன்னிரண்டு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளியைக் கப்பலில் ஏற்றி மணிலாவில் இறக்கினாலே லாபம். மெக்சிகோவிலும் இன்றைய பொலிவியாவின் பொத்தோசியிலும் மலையைக் குடைந்து எடுத்த வெள்ளி இப்படித்தான் புஜியான் மாகாணத்து வணிகர்களின் பைக்குப் போனது.

என்னிடம் தூண் ரியால் என்ற ஸ்பானிய வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது. இரண்டு தூண்கள், நடுவில் இரண்டு உலக உருண்டைகள், கீழே அலை. 1732க்கும் 1772க்கும் இடையில் மெக்சிகோ அக்கசாலையில் நிறைய அடித்த வகை. அதன் முகத்தில் ஏழெட்டு இடத்தில் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருக்கிறது. சீனத்துச் சராப்புக் கடைக்காரன் ஒவ்வொருவனும் தட்டிப் பார்த்து, கடித்துப் பார்த்து, "நான் சோதித்தேன், நல்ல வெள்ளி" என்று தன் முத்திரையைக் குத்திவிடுவான். கை மாற மாற முத்திரை ஏறும். சில காசுகள் குத்துப் பட்டுப்பட்டுக் குழிந்து கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும். சேகரிப்பவர்கள் சிலர் அதைச் சேதம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் காசின் பாஸ்போர்ட்.

அளவு தெரிய ஒரு கணக்கு: 1743இல் ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி, மணிலாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கோவதோங்கா கப்பலைப் பிடித்தார். உள்ளே 13,13,843 வெள்ளிக் காசுகள். ஒரு காசு 27 கிராம் என்று வைத்தால் 35 டன். ஒரே கப்பலில்.

ஊர்சுற்றி_வேலு

ஐயா, ஆண்டுக்கு ஒன்றிரண்டு கப்பல் என்றால் யார் சரக்கு ஏற்றுவது என்று அடிதடி நடந்திருக்குமே?

செல்லாக்காசு

அதற்குத்தான் சீட்டு வைத்தார்கள். "போலேத்தா" என்று பெயர். கப்பலின் கொள்ளளவை இத்தனை பொதி என்று பிரித்து, மணிலாவில் இருந்த ஸ்பானியர்களுக்குப் பங்கிட்டார்கள். சிப்பாயின் விதவைக்கும் பங்கு உண்டு. அவள் எங்கே பட்டு வாங்கி விற்பது? சீட்டைப் பெரிய வியாபாரியிடம் விற்றுவிடுவாள். ரேஷன் கார்டை அடுத்தவருக்குக் கொடுத்துக் காசு வாங்குகிற அதே கதை.

1593இல் மன்னர் உத்தரவு: ஆண்டுக்கு இரண்டே கப்பல், ஒவ்வொன்றும் 300 டன், போகும் சரக்கு இரண்டரை லட்சம் பெசோ, திரும்பும் வெள்ளி ஐந்து லட்சம் பெசோ. பெசோ என்பது அதே வெள்ளிக் காசுதான். மேலே சொன்ன 13 லட்சத்தைப் பாருங்கள். வரம்பைப் பின்னாளில் உயர்த்தினார்கள், உண்மைதான். ஆனாலும் எந்தக் காலத்தில் அந்த வரம்பை மதித்தார்கள்?

கட்டுமரம்

நம் ஊர் மணல் லாரி மாதிரி.

கயல்_மதுரை

வெள்ளிக் கணக்குக்குள் போனால் பொருளை மறந்துவிடுவோம். நான் தந்தத்துக்கு வருகிறேன்.

மணிலாவின் மதிலுக்கு வெளியே, பீரங்கி எட்டும் தூரத்தில், சீனர்களுக்கென்று ஒரு பகுதி. பரியான் என்று பெயர். அங்கே இருந்தவர்களை ஸ்பானியர்கள் "சங்லே" என்றார்கள். தச்சர், தையல்காரர், வெள்ளி வேலைக்காரர், ரொட்டி சுடுபவர் எல்லாம் அவர்கள்தான். 1590இல் மணிலா ஆயர் சலசார் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் தந்தத்தில் செதுக்கும் குழந்தை இயேசு உருவங்களைப் பார்த்து அசந்து போய் எழுதுகிறார். அந்தச் சிலைகள் கப்பலேறி மெக்சிகோவுக்கும் அங்கிருந்து ஸ்பெயினுக்கும் போயின.

அப்படி ஒன்றைக் கையுறை போட்டுக் கையில் வாங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. மாதா சிலை, ஒரு சாண் உயரம். முதலில் கண்ணில் பட்டது சாய்வு. இடுப்பு ஒரு பக்கம், தலை மறு பக்கம். நளினத்துக்காக வைத்ததல்ல. யானைத் தந்தம் வளைந்திருக்கும், அந்த வளைவிலேயே உடம்பை அமைத்துவிட்டார்கள். அப்புறம் கண். இமை கனத்துப் பாதி மூடியிருக்கும். கழுத்தில் மூன்று மடிப்பு, புத்தர் சிலைகளில் வருவது போல. பின்னால் திருப்பினால் முடி அலையலையாக இறங்குகிறது, ஆனால் முதுகின் கீழ்ப்பகுதியில் செதுக்கலே இல்லை. பீடத்தில் சுவரோடு நிற்கப்போவது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். செதுக்கியவர் பெயர் எங்கும் இல்லை.

கட்டுமரம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்லே மக்களை 1603இல் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1639இல் மறுபடியும். சில மாதங்களில் பரியானில் மீண்டும் கடை திறக்க ஆள் கூப்பிட்டார்கள். செருப்புத் தைக்கக்கூட ஊரில் ஆள் இல்லாமல் போயிருந்தது.

கட்டுமரம்

சொன்னதற்கு நன்றி.

நெடுந்தீவான்

வேலு தம்பி, சாக்லேட்டுக்குப் பட்டை போடுவார்கள் என்று கயல் அக்கா சொன்னது எங்கட கறுவா. தென்னிலங்கையின் கரையோரக் காட்டில் உரித்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லும் ஸ்பெயினும் ஒரே மன்னருக்குக் கீழே இருந்தன. இலங்கைக் கரையில் போர்த்துக்கேயர், மணிலாவில் ஸ்பானியர். கறுவா மணிலாவுக்குப் போய்ச் சேருவதற்கு வேறென்ன வேண்டும்? பிறகு ஒல்லாந்தர் வந்து கறுவாவை முழுக்கத் தங்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்கள். கடத்தல் வழியிலும் போயிருக்கும்.

இண்டைக்கும் இலங்கைக் கறுவாவை உலகத்தில் ஆகக் கூடுதலாக வாங்குவது மெக்சிகோதான். நீங்கள் இருக்கிற ஊர்க் கடையில் "கனேலா" என்று கேட்டு ஒரு குச்சி வாங்கி உடைத்துப் பாருங்கள். சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கு அடுக்காக இருந்தால் எங்கட ஊர்ச் சாமான்.

ஊர்சுற்றி_வேலு

அண்ணா, என் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது! நாலு மாதமாகப் பிரியாணிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மணம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று குழம்பிக்கொண்டே.

தறிச்சத்தம்

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். துணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான் வருகிறேன்.

வேலு, தெருவில் ஆட்கள் கழுத்திலோ தலையிலோ கட்டியிருக்கும் பூப்போட்ட சிவப்புக் கைக்குட்டைக்கு அங்கே என்ன பெயர் என்று கேளுங்கள். "பலியகாத்தே" என்பார்கள். மெக்சிகோ விடுதலைப் போரின் தலைவர் மொரேலோஸ் படம் எதைப் பார்த்தாலும் தலையில் துணி கட்டியிருப்பார், அதையும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். சென்னைக்கு வடக்கே இருக்கிற பழவேற்காட்டைப் போர்த்துக்கேயர் எப்படி எழுதினார்கள் தெரியுமா? பலெயகாத்தே.

பழவேற்காட்டுச் சாயத்துணி கடல் தாண்டிப் பேர் வாங்கியது. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். ஆங்கிலத்திலும் கட்டம் போட்ட கைக்குட்டைக்கு "புலிகாட்" என்று பெயர் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்து, அதே பெயரில் விற்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து மணிலாவுக்குத் துணி போனது, மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்குப் போனது. பெயரும் கூடவே போயிருக்கிறது.

கட்டுமரம்

இங்கேதான் எனக்குச் சந்தேகம். எதைத் தொட்டாலும் தமிழ்நாட்டில் கொண்டுவந்து முடிப்பது நம்மவர்களுக்கு ஒரு வியாதி. பலியகாத்தே என்பது மெக்சிகோப் பழங்குடி மக்களின் நாவாத் மொழிச் சொல் என்று மெக்சிகோவிலேயே சொல்கிறார்களே. "யாகத்ல்" என்றால் மூக்கு. மூக்குத் துடைக்கும் துணி. பொருத்தமாகத்தானே இருக்கிறது?

தறிச்சத்தம்

இருக்கிறது, அதுதான் பிரச்சினையே. பொருளுக்கு ஏற்றபடி பின்னால் பொருத்திய விளக்கம் எப்போதும் அழகாக இருக்கும். நம் ஊரில் தலபுராணம் பார்த்ததில்லையா? நான் கேட்பது இதுதான்: ஆங்கிலேயனுக்கு நாவாத் தெரியாது. அவன் ஏன் அதே மாதிரித் துணியைப் புலிகாட் என்றான்? இரண்டு மொழியில், இரண்டு கடலில், ஒரே வகைத் துணிக்கு ஒரே ஊர்ப் பெயர். மூக்கை நம்புவதா, ஊரை நம்புவதா?

தமிழ்நாட்டில் முடிப்பதைப் பற்றி: அந்தத் துணியை நெய்தவர்கள், சாயம் போட்டவர்களில் தெலுங்கு பேசியவர்களும் நிறையப் பேர். நான் "நம்மாள் நெய்தது" என்று மார் தட்டவில்லை.

கட்டுமரம்

சரி, ஆங்கிலேயனுக்கு நாவாத் தெரியாது என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

கயல்_மதுரை

ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வதைப் பற்றி எனக்கு ஒரு பட்டியலே போடலாம். ஏலக் கடைப் பட்டியல்களில் "கோரமண்டல் திரை" என்று வரும். கறுப்பு அரக்கில் குடைந்து வண்ணம் ஏற்றிய ஆளுயரத் தடுப்பு. முதல்முறை பார்த்தபோது நம் கரையில் செய்தது என்று பூரித்துப் போனேன். முழுக்கச் சீன வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் கோரமண்டல் கரைக் கிடங்குகளில் கப்பல் மாறியது, அவ்வளவுதான்.

அதே மாதிரி ஸ்பெயினின் செவில்லில் பெண்கள் போர்த்திக்கொள்ளும் "மணிலா சால்வை". மணிலாவில் அதில் ஒரு தையல் போட்டதில்லை. சீனாவின் கான்டனில் பட்டில் பூ வேலை செய்து, மணிலாவில் ஏற்றியது. வாங்குபவன் ருசிக்கு ஏற்றபடி ரோஜா அதிகமாயிற்று, குஞ்சம் நீளமாயிற்று. பொருளுக்குப் பெயர் வைத்தவன் செய்தவனைப் பார்த்ததில்லை. கடைசியாக எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ அதுதான் பெயர்.

ஆட்களுக்கும் இதே கதி. ஆசியாவிலிருந்து மெக்சிகோவில் இறங்கிய எவரையும் "சீனோ" என்றார்கள். பிலிப்பைன்ஸ்காரர், ஜப்பானியர், வங்காளி, மலையாளி எல்லாரும் சீனோ. அடிமைகளாகக் கொண்டுபோனவர்கள் அதில் பலர். 1672இல்தான் அவர்களை விடுவிக்க உத்தரவு வந்தது. வேலு போன புயேப்லாவிலேயே ஒருவர் வாழ்ந்தார். இந்தியாவில் பிறந்த பெண், சிறுவயதில் பிடித்துக் கொச்சி வழியாக மணிலாவுக்குக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். 1621இல் அகாபுல்கோவில் இறங்கினார். கதரீனா தெ சான் ஹுவான் என்று ஞானஸ்நானப் பெயர். ஒரு வணிகர் வீட்டில் வேலை செய்து, பிறகு தவக்கோலத்தில் இருந்து, 1688இல் இறந்தபோது ஊரே திரண்டது. அவர் வாழ்க்கை வரலாற்றைச் சேசுசபைப் பாதிரியார் ஒருவர் எழுத, கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றம் அதைத் தடை செய்தது. பின்னாளில் மெக்சிகோவின் தேசிய உடை மாதிரி ஆகிவிட்ட "சீனா பொப்லானா" (புயேப்லாச் சீனப் பெண்) பாவாடைக்கு அவரைத்தான் காரணம் காட்டுகிறார்கள். அந்த உடை 19ஆம் நூற்றாண்டுடையது. அவரோ முரட்டுக் கருப்புத் துணி உடுத்தியவர்.

நெறியாளர்

நல்ல விவாதம். தனிமடலில் இரண்டு பேர் பாவாடை பற்றிச் சண்டை போட்டதாகப் புகார் வந்திருக்கிறது. இங்கேயே போடுங்கள், ஆனால் மரியாதையாக.

ஊர்சுற்றி_வேலு

இந்த வாரம் மெக்சிகோ சிட்டியிலேயே சுற்றினேன். இரண்டு விஷயம்.

ஒன்று, ஃப்ரான்ஸ் மேயர் அருங்காட்சியகத்தில் ஒரு மடக்குத் திரை. ஒரு பக்கம் ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்த போர், மறுபக்கம் நகரம் தெருத் தெருவாக, மேலேயிருந்து பார்க்கிற மாதிரி. "பியோம்போ" என்கிறார்கள். ஜப்பானியச் சொல்லாம், காற்றுத் தடுப்பு என்று பொருளாம். நம் ஊர்த் தட்டிதான்! ஆனால் விருந்தாளி எந்தப் பக்கம் உட்காருவார்? போரைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா? ரொம்ப நேரம் நின்று யோசித்தேன்.

இரண்டு, பேராலயத்தில் பாடகர் பகுதியைச் சுற்றி ஒரு பெரிய உலோகக் கிராதி. சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் வார்த்து, மணிலா வழியாகக் கொண்டுவந்து, 1730இல் நிறுத்தினார்களாம். "தும்பாகா, கலாயின்" என்ற உலோகங்கள் என்று வழிகாட்டி சொன்னார். அவ்வளவு பெரிய கிராதியைத் துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி, அகாபுல்கோவில் இறக்கி, கழுதை மேல் மலையேற்றி... யோசித்தாலே முதுகு வலிக்கிறது.

செல்லாக்காசு

கலாயின் என்றால் வெள்ளீயம் கலந்த உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குக் "கலாய் பூசுறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, அந்தக் கலாய்க்குச் சொந்தக்காரச் சொல். அரபு மொழியிலிருந்து கிளம்பித் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியது.

நம் கரை என்று பேச்சு வந்ததால் ஒன்று. மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலேயருக்கு அனுமதி இல்லை. அதனால் மதராஸ் துணியை ஆர்மீனியர் பெயரில், ஆர்மீனியக் கொடி கட்டி அனுப்பினார்கள். அப்படி மணிலா வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவர் அவர். பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் செலவு. பாலம் இப்போது இல்லை, கல்வெட்டு மட்டும் ஓரமாக நிற்கிறது. மணிலாவுக்கு வந்த காசு மெக்சிகோ வெள்ளிதானே. சைதாப்பேட்டையைத் தாண்டும்போது நான் அந்தக் கல்லைப் பார்க்காமல் போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிப் பார்த்தேன் ஒருநாள். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கட்டுமரம்

1762இல் ஆங்கிலேயர் மணிலாவையே பிடித்தார்களே, அந்தப் படை கிளம்பியதும் மதராஸிலிருந்துதான். கூடப் போன சிப்பாய்களில் திரும்பாமல் அங்கேயே தங்கியவர்களின் வழிவந்தவர்கள் மணிலாவுக்குப் பக்கத்துக் கைந்தாவில் இருக்கிறார்கள். என்னை "எதிலும் தமிழ்நாடு" ஆள் என்று யாரும் சொல்ல வேண்டாம், தகவலுக்காகச் சொன்னேன்.

தறிச்சத்தம்

வியாதி தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

நெடுந்தீவான்

கப்பல் உடைந்த கதைகளை யாரும் சொல்லவில்லை. சாந்தோ கிறிஸ்தோ தெ புர்கோஸ் என்ற கப்பல் 1693இல் மணிலாவிலிருந்து கிளம்பி அகாபுல்கோவுக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவின் ஒரெகன் கரையில் தலைமுறை தலைமுறையாகத் தேன்மெழுகுக் கட்டிகள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. ஆசிய மெழுகு, மேலே ஸ்பானியக் குறி. கோயில் மெழுகுதிரிக்காகப் போன சரக்கு. 2022இல் அங்கேயுள்ள கடற்குகைகளில் இருந்து கப்பல் மரத்துண்டுகளையும் எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதே கரையில் ஒதுங்கிய சீனப் பீங்கான் ஓடுகளை அங்கத்தைய பழங்குடி மக்கள் தட்டிச் செதுக்கி அம்பு முனை செய்திருக்கிறார்கள். பணக்கார வீட்டு மேசைக்குப் போகவிருந்த கோப்பை, மான் வேட்டைக்குப் போயிருக்கிறது.

கயல்_மதுரை

அண்ணா, அது அருமை. மணிலாப் பெயர் ஒட்டிக்கொண்ட பொருள் நம் ஊரிலும் ஒன்று உண்டு, கடைசியாகச் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காப்புளி. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் மணிலாப் புளி. பூர்வீகம் மெக்சிகோ. மறுபடியும் பாருங்கள், ஏறிய துறைமுகத்தின் பெயர்.

வேலு, ஜாடி என்ன ஆயிற்று?

ஊர்சுற்றி_வேலு

நேற்று அதற்காகவே மறுபடியும் புயேப்லா போனேன் அக்கா. பின்பக்கம், அடியில், கட்டைவிரல் அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. உள்மண் வெள்ளை இல்லை. மங்கிய செங்கல் நிறம், சுட்ட அப்பளத்தின் ஓரம் மாதிரி. செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். நீலக்கோடு பரப்போடு படிந்து கிடக்கவில்லை, தடித்து மேடாக நிற்கிறது, நிழல்கூட விழுகிறது.

கயல்_மதுரை

அப்படியானால் அது சீனாவைப் பார்த்ததே இல்லை. சீனப் பீங்கான் உடைந்தால் உள்ளேயும் வெள்ளையாக இருக்கும், நீலம் மெருகுக்குள் அமுங்கியிருக்கும். உங்கள் ஜாடி புயேப்லாவிலேயே செய்த தலவேரா. உள்ளூர் மண், மேலே வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கோபால்ட் நீலம். 17ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க் குயவர் சங்கத்தின் விதிகளிலேயே, உயர்ந்த ரகத்தைச் சீன வேலையைப் போலத் தீட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கப்பலில் வந்ததை வாங்க வசதியில்லாதவர்களுக்கு, பக்கத்துத் தெருவில் கிடைத்தது. கொக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சீனாவில் கொக்கு, புயேப்லாவில் பாதி வான்கோழியாகியிருக்கும்.

ஊர்சுற்றி_வேலு

அக்கா, கழுத்து குட்டையாக, வயிறு பெரிதாக இருந்தது உண்மைதான். நான் கொக்குக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

இன்னொன்று. காவலாளியிடம் அரைகுறை ஸ்பானிஷில் பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். பூட்டு எப்போதோ போய்விட்டதாம், கொண்டி சும்மா தொங்குகிறதாம். கூடத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு பல்பு, ஒரு துடைக்கிற துணி, அவருடைய சாப்பாட்டு டப்பா. துணி சிவப்பில் பூப்போட்டது. தறிச்சத்தம் அண்ணன் கேட்பார் என்று பெயர் கேட்டேன். "பலியகாத்தே" என்றார்.

தறிச்சத்தம்

அந்தத் துணியின் நீள அகலம் அளந்தீர்களா தம்பி? அடுத்த முறை போகும்போது ஒரு அளவுநாடா எடுத்துப் போங்கள்.